கப்புக்கு முந்திச் சனிக்கிழமை

ஏனுங்க மாப்பிள்ள, கப்பு ஒண்ணு நடத்தப் போறீங்களாமே! பனியன் கம்பெனிகளுக்குள்ள புட்பால். தோத்தவன் அன்னைக்கே மூட்டையக் கட்டோணும், செயிச்சவன் அடுத்த ரவுண்டுக்குப் போகோணும். இங்கிலீஷ்காரனோட எப்.ஏ. கப்பு எப்படியோ அப்படியேன்னு கேள்விப்பட்டேன். மாமனுக்கு நெஞ்சு குளுந்து போச்சுங்க. பிளக்ஸுக்குக் குடுத்தாச்சு, ஜெர்சிக்கு ஸ்கிரீன் போட்டாச்சு, கோப்பைக்கு அனுப்பர்பாளையத்துல அட்வான்ஸ் குடுத்தாச்சுன்னு உங்க மேனேஜர் தம்பி டீக்கடையில சொல்லிட்டிருந்தான். அனுப்பர்பாளையத்துக்காரங்க கெட்டிக்காரங்க. அண்டா அடிக்கிற கையில ரெண்டு காதை ஒட்டிக் கப்புன்னு குடுத்துருவாங்க, பளபளன்னு இருக்கும். எல்லாஞ் செரி, ஆட்டம் என்னைக்குன்னு கேட்டேன். அந்தப் பையன் டீயை ஆத்தறான், ஆத்தறான், ஆறிப் போன பொறகும் ஆத்தறான். பதில் வரலீங்க.

எதுக்கு இந்தக் கப்புன்னு மாமனுக்குத் தெரியாதுங்களா? லண்டன்ல இருந்து பையர் வாராரு. அவரு கையில லிஸ்ட்டு இருக்கும். தீயணைக்கிற சிலிண்டர் இருக்குதா, குடிதண்ணி டெஸ்ட் பண்ணுன ரிப்போர்ட் இருக்குதா, கக்கூசுக்குத் தாப்பாள் இருக்குதான்னு டிக் அடிச்சிட்டே வந்து, கடைசிப் பக்கத்துல தொழிலாளர் பொழுதுபோக்குன்னு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குத்தான் இத்தனை ஏற்பாடும். தப்பே இல்லீங்க. ஆடிட்டுக்குன்னு வாங்கி மாட்டுன சிலிண்டரும் தீப்புடிச்சா அணைக்கத்தானே செய்யும்?

ஆனா கப்பு நடத்தறவருக்குக் கப்போட கதை தெரிஞ்சிருக்கோணும். வர்றவரு இங்கிலீஷ்காரரு. சாப்பாட்டுக்கு உக்காரும்போது வாயைத் தொறந்து ரெண்டு கேள்வி கேட்டாருன்னு வைங்க, நீங்க நெட்பிளிக்ஸ்ல பார்த்த சீரியலை எடுத்து உட்டு மாட்டிக்கப்படாது. 2020-ல வந்துச்சே, தி இங்கிலிஷ் கேம்னு. சூட்டர்னு ஒரு கல்தச்சன், ஸ்காட்லாந்துக்காரன், மில்லுக்காரங்க டீமுக்கு வந்து சேர்ந்து, பிரபுக்களைத் தோக்கடிச்சுக் கப்பு வாங்கறான்னு போன பொங்கலுக்கு நீங்க கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுச் சொன்னீங்க. மாமனும் துண்டுல கண்ணத் தொடச்சேன். அப்புறம் பேத்திகிட்டக் கேட்டேன். அது காலேஜ்ல சரித்திரம் படிக்குது, போனை எடுத்துத் தேடித் தேடிப் படிச்சுக் காட்டுச்சு. சூட்டரு நெசமான ஆளுதானுங்க. ஆனா 1883 பைனல்ல அவரு காலே வைக்கலை. அவரு ஆடுனது பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு. பிரபுக்களைத் தோக்கடிச்சது அதே ஊர்ல இருந்த இன்னொரு டீமு, பிளாக்பர்ன் ஒலிம்பிக். சீரியல்காரன் ரெண்டு டீமையும் ஒண்ணாக்கி, ஒருத்தன் செயிச்சதை இன்னொருத்தன் கணக்குல எழுதிப் போட்டான். நம்மூருல இது புதுசுங்களா? ஜாப் ஒர்க்குல எவனோ தெச்சதுக்கு எவனோ லேபிள் வைக்கிறதுதானே நம்ம பொழப்பே.

பிளாக்பர்ன் எந்த ஊருன்னு தெரிஞ்சுக்கோங்க. லங்காஷயர்ல பருத்தித் துணி நெய்யற ஊரு. எங்க பார்த்தாலும் மில்லுப் புகைபோக்கி, எந்தச் சந்துல நொழஞ்சாலும் தறிச் சத்தம். அந்தத் தறியில நெறைய என்ன ஓடுச்சுன்னு நெனைக்கறீங்க? வேட்டிங்க மாப்பிள்ள, வேட்டி! கரை போட்ட வேட்டி, நம்மாளு இடுப்புக்குன்னே நெஞ்சது. எங்க பாட்டன் கட்டுன மில்லு வேட்டி அந்த ஊர்ல இருந்து கப்பல்ல வந்ததா இருக்கும். இன்னைக்கு அவங்க பேரனுக்குப் பனியன் இங்கிருந்து கப்பல்ல போகுது. 2024-25-ல மட்டும் 40,000 கோடிக்கு மேல ஏத்துமதி பண்ணியிருக்குது திருப்பூரு. 2025 ஜூலையில அந்த நாட்டோட ஒப்பந்தங்கூடப் போட்டாச்சு, நம்ம துணிக்கு அங்க வரி இல்லாமப் பண்றதுக்கு. நடுவுல ஒரு வழக்கு இருந்துச்சு. அன்னியத் துணி வேண்டாம்னு நாம சொன்னதுல அவங்க தறி நின்னுச்சு. 1931 செப்டம்பர்ல காந்தி லங்காஷயருக்கே போயி, பிளாக்பர்னுக்கு அக்கட்டால இருக்கிற டார்வன்ல மில்லுப் பொம்பளைங்க நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாரு. வேலை போனவங்க அவரைத் திட்டலை, கை தட்டுனாங்க. அடுத்த வருஷம் ஜனவரி 11-ல நம்மூருல குமரன் கொடியக் கையில வெச்சுக்கிட்டு அடிபட்டுச் செத்தாரு. இதெல்லாம் பையர்கிட்டச் சொல்ல வேண்டாம், ஆர்டர் கெட்டுப் போகும்.

இப்ப ஆட்டத்துக்கு வாரேன்.

எப்.ஏ. கப்பு ஆரம்பிச்சது 1871-ல. மொத வருஷம் பேரு குடுத்ததே 15 டீமு. ஸ்காட்லாந்துல இருந்து குயின்ஸ் பார்க்குன்னு ஒரு டீமு செமி பைனல் ஆட லண்டன் வந்துச்சு. ஆட்டம் டிராவாப் போச்சு. மறுபடி வந்து ஆடறதுக்குப் பஸ்சுக்குக் காசில்லை, ரயிலுக்குத்தான்னு வைங்களேன், போட்டியே வேண்டாம்னு ஊட்டுக்குப் போயிட்டாங்க. அப்புறம் பத்து வருசத்துக்குக் கப்பு பெரிய மனுசங்க கையில மாத்தி மாத்தி இருந்துச்சு. பணக்காரப் பள்ளிக்கூடத்துல படிச்சு முடிச்சவங்க, பட்டாளத்து ஆபீசருங்க. அந்தப் பட்டாளத்து டீம்ல ஒருத்தரு நம்ம முசோரியில பொறந்தவருன்னு பேத்தி சொல்லுச்சு. மொத பைனல்ல அவங்க தோத்தாங்க, அதுனால நாம சொந்தம் கொண்டாட வேண்டாம்.

டார்வன் மில்லுக்காரங்க 1879-ல ஒரு தடவை முட்டிப் பார்த்தாங்க. ஓல்டு ஈட்டனியன்ஸ்னு பிரபு ஊட்டுப் பசங்க டீமு. அவங்களை 5-க்கு 5 டிராப் பண்ணுனாங்க. மறு ஆட்டமும் லண்டன்லதான். அதுவும் டிரா. மூணாவது ஆட்டமும் லண்டன்லதான்! ஊருக்குள்ள வசூல் பண்ணி வசூல் பண்ணி ரயில் ஏறுனாங்க. மூணாவதுல காலு ஓஞ்சு தோத்துட்டாங்க. பிரபுங்க ஒரு வாட்டியாச்சும் டார்வனுக்கு வந்தாங்களான்னு கேக்காதீங்க. பையரு நம்மூரு வர்றப்பக் காரை அனுப்பறது யாரு, நாம லண்டன் போறப்ப லாபியில காத்துக் கெடக்கறது யாருன்னு யோசிச்சாப் போதும்.

ஒலிம்பிக்கு டீமு 1878-ல ரெண்டு சின்ன டீமைச் சேர்த்து உண்டாக்குனது. ஊர்ல இரும்புப் பட்டறை வெச்சிருந்த சிட்னி யேட்ஸ்னு ஒருத்தரு காசு போட்டாரு. கப்புல மொத ரெண்டு வருஷமும் மொத ரவுண்டுலயே அவுட்டு. மூணாவதா 1882-83. அந்த வருஷம் பேரு குடுத்தது எண்பதுக்கு மேல. மொத ஆட்டம் அக்ரிங்டன், 6-க்கு 3. அப்புறம் லோயர் டார்வன். அப்புறம் டார்வன் ராம்ப்ளர்ஸ், 8-க்கு சைபர். அப்புறம் சர்ச்சுன்னு ஒரு ஊரு, 2-க்கு சைபர். இந்த நாலும் நம்ம பெருமாநல்லூரு, அவிநாசி, பல்லடம் போற தூரத்துக்குள்ளதான். பங்காளிச் சண்டைன்னே வெச்சுக்கோங்க. அஞ்சாவதா வேல்ஸ்ல இருந்து டுரூயிட்ஸ், 4-க்கு 1. செமி பைனல் மான்செஸ்டர்ல, ரெண்டு வருஷம் முன்னாடி கப்பு செயிச்ச ஓல்டு கார்த்தூசியன்ஸோட. பெரிய பள்ளிக்கூடத்து ஆளுக. 4-க்கு சைபர்னு தொடச்சு உட்டாங்க.

டீம்ல இருந்தவங்க என்ன சோலி பண்ணுனாங்கன்னு எழுதி வெச்சிருக்குதுங்க. இதைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க, ஏன்னா உங்க மஸ்டர் ரோல்ல இருக்கிற பேரை நீங்க ஒருக்காலும் இப்படிப் படிச்சிருக்க மாட்டீங்க. டியூஹர்ஸ்ட், நெசவு. யேட்ஸ்னு இன்னொருத்தரு, மொதலாளி இல்லீங்க, இவரு வேற. நெசவு. ஆஸ்ட்லி, அவரும் நெசவு. வார்டு, பஞ்சு மில்லு மெசின். காஸ்ட்லி, நூல் நூக்கறவரு. கிப்சன், இரும்பு வார்ப்பு. வார்பர்ட்டன், கேப்டன், குழாய் வேலை. மேத்யூஸ், படத்துக்குச் சட்டம் போடறவரு. வில்சன், குமாஸ்தா. கோல் கீப்பர் ஹேக்கிங், பல் டாக்டர்கிட்ட வேலை. ஹண்டர்னு ஒருத்தரு சாராயக்கடை வெச்சிருந்தாரு. இங்கிலாந்து டீமுக்கே ஆடுன அனுபவஸ்தரு, அவருதான் பயிற்சியும் குடுத்தாரு. பதினோரு பேர்ல அஞ்சு பேரு பஞ்சு, நூலு, தறி.

பைனலுக்கு எதுத்தாப்பல யாரு? அதே ஓல்டு ஈட்டனியன்ஸ். போன வருஷம் கப்பு அவங்களுது. கேப்டன் கின்னேர்டு, பேங்க்கு வெச்சிருந்த குடும்பம், பின்னால பிரபுப் பட்டம் வந்துச்சு. செவத்த தாடி, நீளமான வெள்ளைக் கால்சட்டை. அவருக்கு இது ஒம்பதாவது பைனல். போன வருஷம் செயிச்ச சந்தோஷத்துல பெவிலியனுக்கு முன்னால தலைகீழா நின்னு காட்டுனவரு. நல்ல மனுசருதான்னும் சொல்றாங்க. காசு இருக்கிறவன் தலைகீழா நின்னா அது உற்சாகம், இல்லாதவன் நின்னாச் செக்யூரிட்டியக் கூப்புடுவோம்.

இங்கதானுங்க ஒரு விஷயம். ஆட்டத்துக்கு முந்தி யேட்ஸ் மொதலாளி என்ன பண்ணுனாரு? நூறு பவுனை எடுத்து வெச்சு, மொத்த டீமையும் கடலோரமா பிளாக்பூலுக்கு அனுப்புனாரு. ஒரு வாரம். தறி இல்லை, சங்கு இல்லை. காலையில 6 மணிக்கு ஒரு டம்ளர் ஒயினு, ரெண்டு பச்சை முட்டை, அப்புறம் கடல் மணல்ல நடை. காலைச் சோத்துக்குக் கஞ்சியும் மீனும். மத்தியானம் ஆட்டுத் தொடை. சாயங்காலம் மறுபடி கஞ்சி, ஆளுக்கு ஒரு பெரிய கெளாஸ் பாலு. ராத்திரிக்கு ஆளுக்கு அரை டஜன் சிப்பி. இந்தக் கணக்கைப் பேத்தி படிச்சப்ப எனக்கே பசி எடுத்துருச்சு. உங்க டீமுக்கு என்ன மெனுன்னு மேனேஜரைக் கேட்டேன். தக்காளிச் சோத்துப் பொட்டலம், தண்ணி பாக்கெட்டு. அதுவும் செயிக்கிற டீமுக்குத்தானாம், தோத்தவன் ஊட்டுக்குப் போயிச் சாப்பிட்டுக்கோணுமாம். அட, போட்டி விதியச் சோத்துக்கும் சேர்த்துப் போட்டது இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தருதானுங்க.

லண்டன்காரங்க விட்டாங்களா? நெசவுக்காரன் ஒரு வாரம் லீவு போட்டான்னா அவனுக்குக் கூலி யாரு குடுத்தாங்கன்னு கெளம்பிட்டாங்க. பந்தாட்டம்னா காசு வாங்காம ஆடோணும், அதுதான் அழகுன்னு சட்டம். காசு இருக்கிற ஊட்டுப் பையனுக்கு அந்தச் சட்டம் கஷ்டமே இல்லை பாருங்க. அவன் வாரம் பூராவும் ஆடலாம், ஒருத்தனும் கணக்குக் கேக்க மாட்டான்.

1883 மார்ச் 31. லண்டன்ல கென்னிங்டன் ஓவல் மைதானம், 8,000 பேரு பாத்தாங்க. பிரபுப் பசங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டம், பந்தைக் காலுல ஒட்டிக்கிட்டு ஒருத்தனே ஓடறது. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் பழக்கம். மில்லுக்காரங்க ஆடுனது வேற. இந்த ஓரத்துல இருக்கிறவன் அந்த ஓரத்துக்கு நீளமா அடிக்கிறான், அவன் வாங்கித் திருப்பி அடிக்கிறான். தறியில நாடா ஓடறதுதான் அப்படியே. நாடாவுக்குப் பின்னால ஓடி நெசவாளியை எவன் செயிச்சிருக்கான்? மொதல்ல குட்ஹார்ட்னு ஒருத்தரு கோல் போட்டு ஈட்டனியன்ஸ் முன்னால போனாங்க. அவரு பின்னால லத்தீன் புரொபசர் ஆனாராம். படத்துக்குச் சட்டம் போடற மேத்யூஸ் அதைச் சமன் பண்ணுனாரு. ஈட்டனியன்ஸ்ல ஒருத்தருக்கு அடிபட்டு வெளிய போக, பத்துப் பேராப் போனாங்க. நேரம் முடிஞ்சும் 1-க்கு 1. கூடுதல் நேரம். எல்லாருக்கும் காலு கனத்துப் போயிருக்குது. ஆனா ஆட்டுத் தொடையும் மணல் நடையும் அப்பத்தானே பேசும்? நெசவுக்காரரு ஒருத்தரு குடுத்த பந்தை நூல் நூக்கிற காஸ்ட்லி வாங்கி உள்ள அடிச்சாரு. 2-க்கு 1. கப்பு ஊருக்கு வந்தப்ப பேண்டு வாத்தியம் என்ன, ஊர்வலம் என்ன. இனிமே இது லண்டனுக்குத் திரும்பாதுன்னு குழாய்க்கார கேப்டன் சொன்னாராம். லண்டன் டீமு ஒண்ணு மறுபடி அதைத் தூக்கறதுக்கு 1901 ஆச்சு.

அந்த மார்ச் 31 என்ன கிழமைன்னு நெனைக்கறீங்க? சனிக்கிழமைங்க மாப்பிள்ள. மொத பைனல் நடந்த 1872 மார்ச் 16-ம் சனிக்கிழமைதான். ஏன் சனிக்கிழமை? 1850-ல அவங்க பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டுச்சு, பொம்பளைங்களும் சின்ன வயசுக்காரங்களும் சனிக்கிழமை மத்தியானம் 2 மணிக்கு மேல மில்லுல இருக்கப்படாதுன்னு. அவங்க கெளம்பிட்டா மத்தவன் மட்டும் நின்னு என்னத்தை ஓட்டறது? மில்லு நின்னுச்சு. 1874-ல இன்னொரு சட்டம் நேரத்தை இன்னும் கொறைச்சுச்சு. ஆயிரக்கணக்கான சனத்துக்கு வாரத்துல ஒரு மத்தியானம் சும்மா கெடைச்சுது. சும்மா இருக்கிறவன் கல்லைக் கண்டாலும் காலுல தட்டுவான், அவங்க கையில பந்து இருந்துச்சு. ஆடறதுக்கு ஆளு, பாக்கறதுக்கு ஆளு, திட்டறதுக்கு ஆளு எல்லாம் அந்த ஒரு மத்தியானத்துல இருந்து மொளைச்சது. மொதல்ல மத்தியானம் வந்துச்சுங்க, கப்பு அப்புறந்தான்.

நம்ம சனிக்கிழமைக்கு வாரேன். காலையில 8.30-க்கு உள்ள போனாச் சாயங்காலம் ஒரு ஷிப்ட். ஷிப்மெண்ட் இருந்தா ஒன்றரை. ஷிப்மெண்ட் எப்ப இல்லை? சனிக்கிழமை சம்பள நாளு வேற. கணக்குப் பாக்கற ரூம்புக்கு முன்னால நிக்கிற வரிசையில மாமனும் நின்னவன்தான், முப்பது வருஷமாக் கட்டிங் டேபிள்ல கத்தி புடிச்ச கையி இது. பீஸ் ரேட்டுக்காரன் நோட்டைப் பாத்துப் பாத்துக் கூட்டுவான். பிசிறு வெட்டற அம்மிணிங்க கவரை வாங்கி ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு மறுபடி உள்ள ஓடுவாங்க, பேக்கிங் முடியலைன்னு சூப்பர்வைசர் கத்துவான். 1984-ல பஞ்சப்படி கேட்டு 127 நாள் ஊரே நின்னுச்சே, அந்தக் கூட்டத்துலயும் நான் இருந்தேன். அந்த 127 நாள்ல சனிக்கிழமை 18 வந்துச்சு. பசியில எவனுக்குப் பந்து ஞாபகம் வரும்?

இப்பவும் பந்து ஆடறவன் நம்மூருல இல்லாம இல்லீங்க. உங்க கம்பெனிக்குப் பின்னால பிளாட்டுப் போட்ட காடு இருக்குதே, விக்காமக் கெடக்குது, அங்க ஞாயித்துக்கிழமை பாருங்க. ஒடிசாப் பசங்க, மணிப்பூர்ப் பசங்க, நம்ம பசங்க நாலு பேரு. பிளாட்டு அளந்து நட்ட கல்லு ரெண்டுதான் கோல். மேல கயிறு கெடையாது. பந்து தலைக்கு மேல போனா உள்ளயா வெளியயான்னு நாலு பாஷையில சண்டை. அதுல ஒரு பொடியன், உங்க ஓவர்லாக் லைன்ல மூணாவது மெசின், பேரு சொல்ல மாட்டேன், அப்புறம் நீங்க அவனைக் கூப்பிட்டு வெச்சுப் போட்டோ எடுப்பீங்க. செருப்பைக் கழட்டி இடுப்புல சொருகிக்கிட்டு வெறுங்காலோட ஆடறான். நெருஞ்சிமுள்ளு நெறைஞ்ச காடுங்க அது. நெருஞ்சி எங்க இருக்குதுன்னு அவன் காலுக்கே தெரியுது, அதைச் சுத்திச் சுத்திப் பந்தைக் கொண்டு போறான். பின்னால வர்றவனுக்குத் தெரியலை, குத்துதுன்னு உக்காந்துக்கறான். 1911-ல கல்கத்தாவுல ஐ.எப்.ஏ. ஷீல்டுன்னு இதே நாக்-அவுட்டுப் போட்டியில மோகன் பகான் பசங்க, ஒருத்தரைத் தவிர மத்தவங்க எல்லாம் வெறுங்காலு, பூட்ஸு போட்ட கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-க்கு 1-ன்னு செயிச்சாங்க. ஜூலை 29. அதுவும் சனிக்கிழமைதான், வேணும்னா காலண்டரைப் போட்டுப் பாருங்க. நம்ம பொடியன் ரெண்டு கோல் போட்டான். மூணாவதுக்குப் போறப்ப இடுப்புல போன் அடிச்சுது. செருப்பை மாட்டிக்கிட்டு ஓடியே போயிட்டான். கண்டெய்னர் வந்து நிக்குதாம், அளவு ஸ்டிக்கர் மாத்தி ஒட்டிட்டாங்களாம். போன் பண்ணுனது யாருன்னு மாமன் கேக்கலைங்க.

உங்க மேனேஜருக்கு வேற யோசனை இருக்குதுன்னும் காதுல உழுந்துச்சு. பாலக்காட்டுப் பக்கம் செவன்ஸ் ஆடற ஆளுக மூணு பேரைக் கூட்டிட்டு வந்து, ஒரு மாசத்துக்குச் செக்கிங் டிபார்ட்மெண்டுல பேரு எழுதி, உங்க டீம்ல எறக்கிக் கப்பைத் தூக்கிரலாம்னு. நல்ல மூளைதான், ஆனாப் பழைய மூளை. பிரஸ்டன்ல சடெல்னு ஒரு மில்லு மேனேஜரு இதைத்தான் பண்ணுனாரு. ஸ்காட்லாந்துல இருந்து ஆட்டக்காரங்களைக் கூட்டியாந்து ஊர்ல வேலை புடிச்சுக் குடுத்து டீம்ல சேத்துக்கிட்டாரு. 1884-ல லண்டன் டீமு ஒண்ணு புகார் குடுக்க, ஆமாம், பண்ணுனேன், எல்லாரும்தான் பண்றாங்கன்னு நிமிந்து நின்னு சொல்லிட்டாரு. டீமைக் கப்புல இருந்தே தூக்குனாங்க. ஆனா அந்த ஒரு வார்த்தையில கட்டு அவுந்து, 1885 ஜூலையில காசு குடுத்து ஆட வைக்கலாம்னு சட்டமே மாறுச்சு. தைரியசாலிதான். அப்புறம் 1895-ல மில்லுப் பணத்தைக் கையாடுனாருன்னு அதே சடெலுக்கு மூணு வருஷம் ஜெயிலு. உங்க மேனேஜர் தம்பிகிட்ட கதையோட முன்பாதிய மட்டும் சொல்லாதீங்க. பின்பாதியையும் சொல்லிட்டு, பெட்டிக் கேஷ் நோட்டையும் ஒருக்கா வாங்கிப் பாருங்க.

செயிச்ச ஒலிம்பிக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டேங்கறீங்களே? காசு குடுக்கலாம்னு சட்டம் வந்ததும் காசு உள்ளவன் கையி ஓங்கிருச்சு. அதே ஊரு ரோவர்ஸு பெரிய எடம், நல்ல ஆளுகளைச் சம்பளம் குடுத்துப் புடிச்சுக்கிட்டாங்க. சட்டம் வர்றதுக்கு முந்தி 1884, 85, வந்த பொறகு 86-ன்னு மூணு கப்பும் அவங்களுக்கே, அதுல சூட்டரும் இருந்தாரு. 1888-ல பன்னெண்டு டீம வெச்சு லீக்கு ஆரம்பிச்சப்ப பிளாக்பர்ன்ல இருந்து ரோவர்ஸை மட்டும் கூப்பிட்டாங்க. ஒலிம்பிக்கு 1889-ல கடையைச் சாத்திருச்சு, கப்பு வாங்கி ஆறே வருஷம். இதுல யேட்ஸ் மொதலாளியக் குத்தம் சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனி பீஸுக்கு அம்பது பைசா ஏத்துனதும் உங்க லைன்ல இருந்து எட்டு டெய்லருங்க ஒரே நாள்ல அங்க போனாங்களே, அன்னைக்கு நீங்க எங்கிட்ட வந்து நன்றி கெட்ட சனம்னு பொலம்புனீங்க. நன்றியப் பீஸ் ரேட்டுல கணக்குப் பண்ணுனா அம்பது பைசாவுக்குத்தானுங்க வரும்.

அவங்க செயிச்ச கோப்பையும் இப்ப இல்லை. இருபது பவுனுக்குச் செஞ்ச சின்ன வெள்ளிக் கோப்பை. 1895-ல ஆஸ்டன் வில்லா செயிச்சு, பர்மிங்காம்ல ஒரு பூட்ஸுக் கடைச் சன்னல்ல வேடிக்கைக்கு வெச்சாங்க. ராத்திரியோட ராத்திரியா எவனோ தூக்கிட்டுப் போயிட்டான், இன்னைக்கு வரைக்கும் கெடைக்கலை. நீங்க காதர்பேட்டைக் கடையில வைக்கப் போறதாச் சொன்னாங்க. வைங்க, ஆனா மேல ‘எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்’னு மட்டும் எழுதாதீங்க, பத்து நிமிசத்துல பேரம் பேசி வாங்கிட்டுப் போயிருவாங்க.

இப்பக் காரியத்துக்கு வாங்க. பதினாறு கம்பெனி சேர்ந்தா நாலு ரவுண்டு. மொத ரவுண்டு எட்டு ஆட்டம், பக்கத்துப் பக்கத்துல நாலு கிரவுண்டு இருந்தா ஒரே மத்தியானத்துல முடிச்சரலாம். மொத்தம் நாலு சனிக்கிழமை. சனிக்கிழமை 2 மணிக்கு மெசினை நிறுத்தோணும், அரை நாள் கூலியப் புடிக்கப்படாது, சம்பளக் கவரை மத்தியானச் சோத்துக்கு முந்தியே குடுத்துரோணும். ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம்னு மேனேஜர் சொல்லுவான். உட்றாதீங்க. துணி துவைக்கோணும், சந்தைக்குப் போகோணும், பொண்டாட்டி புள்ளைங்க மூஞ்சியப் பாக்கோணும், ஒடிசாப் பையன் ஆத்தாளுக்குப் போன் போடோணும். அவன் ஞாயித்துக்கிழமைய எடுத்து அவனுக்கே பரிசாக் குடுக்கறதுக்கு நீங்க எதுக்குங்க? ஷிப்மெண்ட் கெடக்குதுன்னு சொன்னா, நேரா பையர்கிட்டயே சொல்லுங்க, கப்பு நடக்கிற மாசம் டெலிவரிக்கு நாலு நாள் சேர்த்துக் குடுங்கன்னு. அவரு ஊர்ல பொறந்த சனிக்கிழமைதானே, அவருக்குத் தெரியாததா? அவரு என்ன பதில் சொல்றாருன்னு பாத்துட்டு, அந்தப் பொழுதுபோக்குக் கட்டத்துல யாரு டிக் அடிக்கிறதுன்னு முடிவு பண்ணிக்கலாம்.

பைனலுக்கு மாமனைச் சீப் கெஸ்டாக் கூப்பிடறதாப் பேச்சு இருக்குதாம். வாரனுங்க. சால்வை போத்தறதா இருந்தாப் பருத்தியில போத்துங்க, அந்த ஜெர்சித் துணி எனக்கு அரிக்கும். ஆட்டுத் தொடைக்கு மட்டும் இப்பவே குண்டடம் சந்தையில சொல்லி வெச்சுருங்க, பதினோரு பேருக்கு.